வைக்கோல் பூவுக்குப் பாய்ச்சிய தண்ணீர்

எங்கள் அரியூரில் மரியதாஸுக்குச் சொந்த நிலம் கிடையாது. ஆனால் எந்த வயலுக்கு எப்போது மடை திருப்புவது என்று எல்லோரும் அவரைத்தான் கேட்பார்கள். பேச்சு குறைவு. ஒரே மகள் அமிர்தம் மாசி மாதம் காய்ச்சலில் செத்தபோதும் அவர் அழவில்லை. குழி மூடியதும் மண்வெட்டியோடு வயலுக்குப் போய்விட்டார்.

"கல்லு, அந்த ஆளு" என்று அவர் மனைவி காசம்மாளே தெருவில் சொன்னாள். அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சே அற்றுப்போயிற்று.

அமிர்தம் புதுச்சேரியில் ஒரு வெள்ளைக்கார வீட்டில் துணி துவைத்தவள். அவர்கள் கல்லறைக்கு வைக்கும் பூவின் விதையை அங்கிருந்து முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள். காய்ந்தாலும் நிறம் போகாத பூ. தொட்டால் வைக்கோல் போலச் சரசரக்கும். "வெயிலு இருந்தா போதும்மா. தண்ணி ஊத்திக் கொஞ்சாத, அழுவிப்பூடும்" என்று சொல்லியிருந்தாள். விதைக்குமுன் போய்விட்டாள்.

ஆடியில் காசம்மாள் கொல்லையின் வாய்க்காலோர மணல் தரையில் அதை விதைத்தாள். நிழலே விழாத இடம். முளைத்தபின் அந்தப் பக்கமே போகாமல் விட்டுவிட்டாள். பக்கத்து வீட்டுக் கலியம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாடி, தண்ணி காட்டாம வளக்கற? பூச்செடியா, பனமரமா?"

"கல்லறத் திருநாளுக்கு எம் பொண்ணுக்குக்கா. சாமந்தி வெச்சா சாயங்காலமே ஆடு தின்னுடுது. இத ஆடு தொடாது."

"அப்ப எம் மாமியா தலைக்கும் ரெண்டு குடு. அந்தக் கெழவியயும் எதுவும் தொடாது."

அமிர்தம் போனபிறகு காசம்மாள் சிரித்தது அன்றுதான்.

புரட்டாசியில் மஞ்சளும் செம்பு நிறமுமாய் மொட்டுகள் நின்றன. முழுக்க விரியுமுன் கொய்து, தலைகீழாகக் கட்டி உலர்த்த வேண்டும். அதற்குள் ஏம்பலத்தில் தங்கைக்குப் பிரசவம் என்று ஆள் வந்தது. காசம்மாள் போனாள். செடிக்கு என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்று புருஷனிடம் சொல்லவில்லை.

உச்சி வெயிலில் செடிகள் தலை தொங்கி நின்றன. வயலிலிருந்து வந்த மரியதாஸ் அவற்றைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றதை, வேலிக்கு இந்தப் பக்கம் எங்கள் கொல்லையிலிருந்து நான் கண்டேன். பிறகு வாய்க்கால் கரையை வெட்டித் தண்ணீரைத் திருப்பினார். குனிந்து, நாற்றங்காலைத் தடவுவதுபோல் சேற்றைத் தடவினார். "குடிம்மா, குடி" என்றார். மறுநாளும் பாய்ச்சினார். அதற்கடுத்த நாளும்.

காசம்மாள் திரும்பி வந்தபோது தண்டுகள் அடியில் கறுத்து அழுகியிருந்தன. மொட்டுகள் சேற்றில் கிடந்தன.

"எந்தப் பாவிடா இதுல தண்ணி பாச்சனது?"

"நான்தான்" என்றார் மரியதாஸ்.

அவள் அடிக்கக் கை ஓங்கினாள். அவர் நகரவில்லை.

"காய்ச்சல்ல கெடந்தப்ப தண்ணி தண்ணின்னு கேட்டுது. குடுத்தா ஜன்னி வந்துடும்னு எல்லாரும் சொன்னீங்க. நானும் குடுக்கல. ஊருக்கே தண்ணி பாச்சறவன், எம் பொண்ணுக்கு ஒரு வாயி ஊத்தல. இதுங்களும் அதே மாதிரி நின்னுதுங்க, காசம்மா..."

அவள் ஓங்கிய கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டு சேற்றிலேயே உட்கார்ந்தாள்.

கல்லறைத் திருநாளன்று தூறலில் இருவரும் கல்லறைத் தோட்டத்துக்குச் சேர்ந்தே போனார்கள். அவள் கையில் சாமந்தி இருந்தது. அவர் வாசலோடு நின்றுவிட்டார்.

"உள்ள வாய்யா. நம்ம பொண்ணுதான."

"அதான் வர முடியல" என்றார்.