தீப்பெட்டியைக் குனிந்து எடுத்தவள்

இலங்கை மடுல்சீமைத் தேயிலைத் தோட்டமொன்றில், ஒற்றை அறைகள் வரிசையாக ஒட்டிய எங்கள் லயத்துக் கடைசிக் காம்பராவில் இருந்த நல்லம்மாளுக்கு உலகத்தில் ஒரே ஒரு எதிரிதான். பக்கத்துக் காம்பரா இராக்கம்மா, அவள் கொழுந்தன் பெண்டாட்டி. இராக்கம்மா வீட்டில் கருவாடு வறுபட்டால் இவளுக்கு நெஞ்சு எரியும். அடுத்த வீட்டுக்காரி பிள்ளை பெற்றாள் என்று அம்மிக்குழவியை எடுத்து வயிற்றில் குத்திக்கொண்டாளே ஒருத்தி, அவளுக்கு அக்காள் இவள்.

கடவுள் இருவருக்கும் ஒரே வியாதியைக் கொடுத்தார். முதுகுவலி. கூடை சுமக்கிற எல்லாருக்கும் வருகிற வலி இல்லை. புரண்டு படுக்கவிடாத வலி. தனக்குத்தான் அதிகம் என்று அதற்கும் நல்லம்மாள் சண்டை பிடிப்பாள். அவள் வாயிலிருந்து வந்த உண்மை அது ஒன்றுதான்.

பெரிய யுத்தத்துக்குக் கொஞ்சம் முந்தி, முதுகெலும்பு நோயை ஆராய்கிற வெள்ளைக்கார டாக்டர் ஒருவர் பதுளைக்கு வந்தார். எலும்பு அரித்துப் போனவர்களைத் தோட்டம் தோட்டமாகத் தேடிக் கண்டுபிடித்து, உடம்பைச் சுற்றி மாக்கட்டுப் போட்டு, மாதக்கணக்கில் படுக்கவைத்து, குணமாகிறதா என்று பார்ப்பது அவர் வேலை. அவர் பொறுக்கி எடுத்தவர்களுக்குக் கட்டில், பால், முட்டை. மலையேற வேண்டாம். லயமே வாயைப் பிளந்தது.

தோட்டத்து மருந்துக்காரர் அழகையா இருவரையும் கொண்டுபோய் டாக்டர் முன்னால் நிறுத்தினார். டாக்டர் ஒரு தீப்பெட்டியைத் தரையில் போட்டு எடுக்கச் சொன்னார். இராக்கம்மாவால் குனிய முடியவில்லை. முதுகை விறைப்பாக வைத்துக்கொண்டு, முழங்காலை மடக்கி உட்கார்ந்து எடுத்து, தொடையில் கையை ஊன்றி எழுந்தாள். நல்லம்மாளுக்கு உள்ளுக்குள் ஒரே சிரிப்பு. ஊரில் கங்காணி ஆள் பிடித்தபோது, குனிந்து மூட்டை தூக்கியவளுக்குத்தான் கப்பல். காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டில் நிமிர்ந்து நிற்க முடியாதவளுக்கு அரைப்பேர் போட்டுப் பாதிச் சம்பளம். நல்லது எதுவும் நோஞ்சானுக்குக் கிடைத்து அவள் பார்த்ததே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, இடுப்பை வளைத்து, தீப்பெட்டியை வெடுக்கென்று எடுத்தாள். முதுகைத் தட்டித் தட்டி வலிக்கிறதா என்று கேட்டதற்கும், "இல்லீங்க தொரை" என்றாள்.

டாக்டர் இராக்கம்மாவை அழைத்துப் போனார்.

அதற்குப் பிறகு நல்லம்மாள் பேசிய பேச்சை எழுதினால் காகிதம் கருகிப்போகும். துரைக்கே மை வைத்துவிட்டாள் என்பதுதான் அதில் நாகரிகமானது. மாதங்கள் கழித்து இராக்கம்மா கன்னம் உப்பி, நடந்தே லயத்துக்கு வந்தபோது, இவள் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். வலிக்காக அல்ல, அந்தக் கன்னத்துக்காக.

அடுத்த வருஷம் டாக்டர் மறுபடியும் ஆள் பொறுக்க வருகிறார் என்று தெரிந்ததும், இராக்கம்மா இவள் காம்பராவுக்கு வந்தாள்.

"அக்கா, நாளைக்கு குனியாதீங்க. குனிய முடியாதவங்களத்தான் தொரை கூட்டிக்கிட்டுப் போறாரு. அங்க படுத்திருந்தவங்க எல்லாம் அப்படித்தான் இருந்தாங்க. வலிக்கிறத வலிக்குதுன்னு சொல்லுங்க."

"ஏன்டி, நீ ஒருத்தியே பால் குடிக்கணும்னு எனக்குக் குழி பறிக்கிறியா?"

"மாரியாத்தா சத்தியமா, அக்கா!"

"போடி. ஒனக்கு சத்தியம் சக்கரப்பொங்கலு."

மறுநாள் நல்லம்மாள் போன தடவையைவிட அழகாகக் குனிந்தாள். தீப்பெட்டியை டாக்டர் கையில் கொடுத்துவிட்டு, கூட வந்திருந்த இராக்கம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். டாக்டர் நல்ல முதுகு என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

"அக்கா பொய் சொல்லுதுங்க ஐயா" என்று இராக்கம்மா மருந்துக்காரரின் பின்னாலேயே ஓடினாள்.

"நீ எப்ப டாக்டரான?" என்று அவர் விரட்டினார்.

அந்த மழைக்காலத்தில், கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த இடத்திலேயே நல்லம்மாள் கால்கள் மரத்து, கீழே விழுந்தாள். கம்பளியில் போட்டு டாக்டரின் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். மாக்கட்டு கிடைத்தது, கட்டில் கிடைத்தது, பாலும் கிடைத்தது. காலுக்கு உயிர் திரும்பவில்லை. இனித் திரும்பாது என்று டாக்டரே சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இராக்கம்மா மலையிறங்கிப் போய், அவளுக்குத் தலைவாரி, பாலை ஆற்றிப் புகட்டினாள். பாவி, குடிப்பாளே தவிர ஒரு நல்ல வார்த்தை சொல்லமாட்டாள். ஒரு நாள், "இருட்டிப் போகும், வாறேங்கா" என்று இராக்கம்மா எழுந்தாள். நல்லம்மாள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வாசல் தாண்டும்வரை அவள் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி நடக்கிறா பாரு, சிறுக்கி" என்றாள் பக்கத்துக் கட்டில்காரியிடம்.