பதினேழாம் நம்பர் நண்டு

"ஆட்டாதடி, கை பெசகுதுல்ல!" என்று நண்டை அதட்டுகிறார் ஜெயசித்ரா. பச்சைமலை அடிவாரத்து ஓடையில் முழங்கால் தண்ணீரில் நின்று, அதன் முதுகில் நகப்பாலிஷால் இருபத்து மூன்று என்று எழுதுகிறார். ஊதிக் காயவைக்கிறார். தையல் டேப்பால் அகலம் அளந்து, நோட்டில் குறித்துக்கொண்டு, கல்லிடுக்கில் விடுகிறார். பக்கத்தில் வாளி பிடித்துக்கொண்டு நிற்பது என் தலையெழுத்து.

பெரம்பலூரில் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறார். புருவம் திருத்திக்கொள்ளப் போனவள் நான். எப்படியோ ஓடைவரை இழுத்து வந்துவிட்டார். செவ்வாய்க்கிழமை கடைக்கு லீவு, நண்டுக்குக் கிடையாது. மற்ற நாட்களில், வருகிறவர்களுக்கு ஃபேஸ் பேக்கை அப்பி, வாய் திறக்க முடியாமல் செய்துவிட்டு, எட்டாம் நம்பர் குஞ்சு பொரித்த கதையை ஆரம்பிப்பார். ஒரு கல்யாணப்பெண் பாதி முகத்தோடு எழுந்து ஓடியேவிட்டாள். "அவளுக்குப் பொறுமை பத்தலைங்க" என்கிறார் இவர். நண்டுகள் கழற்றிப்போட்ட ஓடுகள் பிளீச் டப்பாக்களில் இருக்கின்றன. ஃபேஷியல் கிரீமைத் தேடினால் கையில் அதுதான் வரும்.

மூன்று வாரமாகப் பதினேழைக் காணோம். ரோஸ் பாலிஷ் அதற்கு மட்டும்தான். ஒற்றைக் கொடுக்கு என்பதால் அதன்மேல் தனிப் பிரியம். "இருக்கா செத்துச்சான்னு தெரிஞ்சாக்கூட தேவலைங்க" என்று புலம்பினார். சோறு இறங்கவில்லை. தண்ணீரிலேயே நின்று தேடியதில் சளி பிடித்துத் தொண்டை கட்டிவிட்டது.

கரையில் ஆடு மேய்க்கும் செல்வம்மாளுக்கு மனசு கேட்கவில்லை. இன்று தூக்குவாளியோடு வந்தார்.

"நண்டு ரசம் பாப்பா. சூடா குடி, சளி பறந்துரும்."

ஜெயசித்ரா முக்கால்வாசி குடித்த பிறகு, அடியில் ஓட்டுத்துண்டு ஒன்று தட்டுப்பட்டது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ரோஸ் நிறத்தில் ஒரு ஒன்று, ஒரு ஏழு.

"இதை எங்கக்கா புடிச்சீங்க?"

"இங்கதான், காலையில. முன்னெல்லாம் கல்லோட கல்லாக் கெடக்கும், என் கண்ணுக்கு எங்க ஆம்புடும்? நீ கலரு அடிச்சதுலேருந்து தூரத்துலயே பளபளங்குது. கொக்குங்ககூட இப்ப இங்கயேதான் கெடக்குதுங்க. நீ நல்லா இருக்கணும் பாப்பா!"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஜெயசித்ராவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிப்போனது. கைப்பையைத் துழாவிப் பஞ்சும் பாலிஷ் ரிமூவரும் எடுத்தார். தண்ணீரில் இறங்கி முதல் கல்லைப் புரட்டினார். ஆறாம் நம்பர். அதைக் கரைக்குக் கொண்டுவந்து மடியில் வைத்து, முதுகை மெல்லத் துடைக்கத் தொடங்கினார்.