பிளீச்சிங் பவுடரும் பாறைத் தவளையும்

நீங்கள் குடிக்கும் தண்ணீரில் தினமும் ஒருவர் குளோரின் கலக்கிறாரே, அவர் பெயர் உங்களுக்குத் தெரியுமா?

கொல்லிமலையில், தேவனூர் நாடு என்னும் ஊராட்சியின் ஒரு சிற்றூருக்கு அந்தப் பெயர் பெருமாயி. விடிந்ததும் வால்வைத் திறப்பது, மிளகுக் கொடிகளுக்கிடையே ஓடும் குழாயில் அடைப்பெடுப்பது, தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கரைப்பது எல்லாம் அவர் வேலை. ஊராட்சிக்கு அவர் இன்றுவரை தற்காலிகப் பணியாளர்தான்.

போன வருட மழையில் தொட்டி விரிசல் விட்டது. சரிசெய்ய ஆள் வரவில்லை. ஊற்றிலிருந்து நேரே தெருக்குழாய்க்கு இணைப்புக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அன்றோடு குளோரின் கலப்பதும் நின்றது. மேல் வளைவில் புதிதாய்க் கட்டிய விடுதிக்கு மட்டும் கறுப்புத் தொட்டிகள் வரிசையாக வந்து இறங்கின.

ஊற்றுக்கு மேலே நீர் கசியும் பாறையில்தான் அந்தத் தவளை முட்டையிடுகிறது. கட்டைவிரல் நீளம்கூட இல்லை. அதன் குஞ்சுகள் குளத்துத் தலைப்பிரட்டைபோல நீந்தித் திரியாது. ஈரப் பாறையில் வாலால் எத்தி எத்தி ஏறும். பாறை காய்ந்தால் ஊற்றுக் குழிக்குள் இறங்கிவிடும். அழிந்துவரும் இனம் என்று சேலத்திலிருந்து வந்த ஆய்வாளர் ராதிகா சொன்னபோது பெருமாயிக்குச் சிரிப்பு வந்தது.

"இத்தன நாளா இதுங்க மேல காலை வெச்சுத்தானுங்க ஏறிப் போனேன்!"

பிறகு இருவருமாகப் பாறையைச் சுற்றி மூங்கில் தடுப்புக் கட்டினார்கள். சுற்றுலா வருகிறவர்கள் அங்கே சோப்புப் போட்டுக் குளிப்பது நின்றது. இந்த மழைக்குப் பாறை முழுக்கக் குஞ்சுகள்.

அப்போதுதான் பக்கத்து வீட்டுச் சுமதியின் மகன் கோகுல் வாந்தியும் வயிற்றுப்போக்குமாகச் சுருண்டான். செம்மேட்டு ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். மறுநாள் இன்னும் இரண்டு குழந்தைகள் படுத்தன.

ஊராட்சிச் செயலர் செல்லமுத்து பைக்கில் வந்து ஒரு பிளீச்சிங் பவுடர் மூட்டையை இறக்கினார்.

"பெருமாயி, நாளைக்குக் காலையில ஊத்துக் குழியிலயே கொட்டிக் கலக்கிப்போடு."

"குஞ்சுக பூராச் செத்துப்போகுமுங்க. அந்த ஆராய்ச்சிப் பொண்ணு சொல்லியிருக்குதுங்க."

"தவளைக்கு ரேஷன் கார்டு இருக்குதா? ஓட்டு இருக்குதா?"

"தொட்டியச் சரிபண்ணிக் குடுங்க. அதுல போடறனுங்க."

"எஸ்டிமேட் போயிருக்குது. வரும்."

"போன வருசமும் அதத்தானுங்க சொன்னீங்க. நடந்து போயிருந்தாக்கூட இந்நேரம் திரும்பி வந்திருக்குமுங்க."

ஊரில் ஆளுக்கொரு பேச்சு. ராதிகா செருப்போடு ஊற்றில் ஏறியதால் வந்த சாமி குத்தம் என்றார் பூசாரி கருப்பண்ணன். தொட்டி உடைந்த ஊரில் பழி ஒரு பெண்ணின் செருப்பின்மேல் விழுந்தது. அதிகாரிகளுக்கு இதைவிடச் சௌகரியமான சாமி கிடைக்காது. சுமதி மட்டும் வாசலில் நின்று நேராகக் கேட்டார்.

"ஏக்கா, உனக்கு எம்பட பையன் பெருசா, தவக்களை பெருசா?"

கோகுலைத் தூக்கி வளர்த்தவர் பெருமாயி. சிக்னல் கிடைக்கும் மேடுவரை நடந்துபோய் ராதிகாவுக்குப் போன் செய்தார்.

"குளோரின் போட்டே ஆகணும் அக்கா. குழந்தைங்க உயிராச்சே. ஆனா ஊத்துல வேண்டாம்." தொட்டியில்லாமல் வேறெங்கே போடுவது என்று ராதிகாவுக்கும் சொல்லத் தெரியவில்லை.

விடிந்ததும் பெருமாயி மூட்டையோடு ஊற்றுக்கு ஏறினார். குழியோரம் குந்தி வாளியில் பவுடரைக் கரைத்தார். நெடியில் கண் கரித்தது. முழங்கைக்குப் பக்கத்தில், பின்னங்கால் அப்போதுதான் முளைத்த ஒரு குஞ்சு பாறையில் ஏறிக்கொண்டிருந்தது. வாளியைத் தூக்கினார். இறக்கினார். கீழே குழாயடியில் குடங்கள் மோதும் சத்தம் கேட்டது.

வாளியோடு கீழே வந்தார். ஒரு குழாயை விட்டு மற்ற எல்லாவற்றையும் அடைத்தார். வீட்டில் சாமை கொட்டி வைத்திருந்த நீலப் பேரலைக் காலிசெய்து, கழுவி, உருட்டிவந்து குழாய்க்குக் கீழே நிறுத்தினார். நிறைந்ததும் கரைசலை அளந்து ஊற்றினார்.

"அரை மணி நேரம் பொறுங்க. அப்புறம் புடிங்க."

"காட்டு வேலைக்குப் போறதா, உம் பேரலுக்குக் காவல் இருக்கறதா?" என்று ஒருவர் கத்தினார். சுமதி முதல் குடத்தை வரிசையில் வைத்தார்.

ஒரு பேரல் ஊருக்கே போதவில்லை. பொறுமையில்லாதவர்கள் ஊற்றிலேயே மொண்டுகொள்கிறார்கள். அந்த வீடுகளில் அடுத்து எந்தப் பிள்ளை விழுமோ என்று பெருமாயி பயப்படுகிறார். வெள்ளிக்கிழமைக்குள் ஊற்றில் பவுடர் போடாவிட்டால் வேறு ஆளை வைத்துப் போடுவேன் என்று செல்லமுத்து சொல்லிப் போயிருக்கிறார்.

பிள்ளையையும் தவளையையும் எதிரெதிரே நிறுத்தியது, யாரும் அடைக்காத ஒரு விரிசல். அருவி பார்க்க மலையேறுகிறவர்களே, அடுத்த முறை ஏதாவதோர் ஊரில் வண்டியை நிறுத்தித் தண்ணீர்த் தொட்டியைப் பாருங்கள். உடைந்திருந்தால் படமெடுத்து, உங்கள் பெயரைப் போட்டு ஆட்சியருக்கு மனு எழுதுங்கள். ஒருமுறையோடு நிறுத்தாதீர்கள்; கொத்தனார் வந்து சேரும்வரை எழுதுங்கள்.