ஒன்று என்றாள் பெரியம்மா

எங்கள் பெரியம்மாவுக்கு மாதம் ஒருமுறை திருமலைக்குப் போகாவிட்டால் ஆகாது. அலிபிரியிலிருந்து நடந்தே ஏறுவாள். திரும்பி வந்தால் முட்டி வீங்கி நாலைந்து நாள் படுத்துவிடுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இனிமேல் போகக் கூடாது, சுவரில் மாட்டிய படத்தைக் கும்பிட்டால் போதும் என்று பெரியப்பா கறாராகச் சொல்லிவிட்டார். அவள் அன்று சாப்பிடவே இல்லை.

அந்த நேரம் பார்த்துத்தான், திருப்பதிக் கல்லூரியில் உளவியல் படித்த அவர்கள் மகள், எங்கள் அக்கா, கேள்வித்தாளோடு ஏர்பேட்டில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். கண்ணை மூடி அக்கா சொல்வதை நினைக்க வேண்டும். நேரில் பார்ப்பதுபோலத் தெரிந்தால் ஐந்து, மங்கினால் குறைவு, ஒன்றுமே தெரியாவிட்டால் ஒன்று. இது மார்க் இல்லை என்று அவள் சொன்னது என் காதில் ஏறவில்லை. சூரியன், மளிகைக் கடை, எங்கள் பசு, எல்லாவற்றுக்கும் ஐந்து என்று கத்தினேன். பள்ளிக்கூடத்தில் எனக்கு அந்தப் பாக்கியம் வாய்த்ததில்லை. பெரியப்பா காய்கறி பேரம் பேசுவதுபோல மூன்று, நாலு என்றார். பெரியம்மா எல்லாவற்றுக்கும் ஒன்று என்றாள்.

அக்காவுக்குச் சந்தேகம் வந்து, தாளில் இல்லாத ஒன்றைக் கேட்டாள். பெருமாளை நினைத்துப் பார்க்கச் சொன்னாள். பெரியம்மா வெகுநேரம் கண்ணை மூடியிருந்தாள். அதற்கும் ஒன்றுதான். உங்களுக்கெல்லாம் நிஜமாகவே தெரிகிறதா என்று எங்களைத் திருப்பிக் கேட்டாள். கண்ணுக்குள்ளே தெரிகிறது என்பதெல்லாம் சும்மா பேச்சுக்குச் சொல்வது என்றே இத்தனை காலம் நினைத்திருந்தாளாம். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

பெரியப்பாவுக்கு நல்ல பிடி கிடைத்துவிட்டது.

"அப்போ மாசாமாசம் போயி இன்னாத்த பாத்துக்கினு வர?"

"நீ ஒருவாட்டி போய் வந்தா வூட்ல குந்திக்கினே பாக்குற. என்னை ஜருகண்டின்னு தள்ளிட்டா அதோட இருட்டுதான். மறுபடியும் பாக்கணும்னா நான் போய்த்தானே ஆவணும்?"

சண்டை போடும் குரலில் சொல்லவில்லை. அக்கா பேனாவை மூடி வைத்தாள். பெரியப்பா துண்டை எடுத்துக்கொண்டு வெளியே போனவர் இருட்டிய பிறகுதான் வந்தார்.

ஒன்றும் தெரியவில்லை என்று பெரியம்மாவே ஒப்புக்கொண்டதால், சண்டையில் பெரியப்பாதான் ஜெயித்தார் என்று எண்ணியிருந்தேன். ஜெயித்த மனிதர் அடுத்த மாதம் லீவு போட்டு, அவளைப் பஸ்ஸில் மேலே அழைத்துப் போய், கூடவே வரிசையில் ஏன் நின்றார் என்பது எனக்கு விளங்கவே இல்லை.