கேட்டுக்கு வெளியே செருப்பு

சித்தூருக்கு வெளியே, மண்கொட்டி மேடாக்கிய வயலில் எங்கள் குடியிருப்பு தொடங்கியபோது நான்கே வீடுகள். இப்போது நாற்பது. அன்று முதல் எல்லா வீட்டுக்கும் பால் ஊற்றியவர் ஒல்லியான, லேசாகக் கூன் விழுந்த ஒரு மனிதர். மூன்று மணி வெயிலிலும் செருப்பைக் கேட்டுக்கு வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார். எனக்குத் தரும் மரியாதை என்று நினைத்துக் கூசுவேன்.

ஒருநாள் சொல்லியேவிட்டேன். "எனக்காக இதெல்லாம் வேண்டாங்க. செருப்போடவே வாங்க."

அவர் பாலை ஊற்றிக்கொண்டே சொன்னார். "உங்களுக்காக இல்லீங்க. இது எங்க வயலுங்க. வித்துப்போட்டமுங்க. ஆனா, வயலுக்குள்ள செருப்போட எறங்கிப் பழக்கமில்லீங்க."

கொதிக்கும் சிமெண்ட் கற்களின்மேல் மெதுவாக நடந்து அவர் வெளியே போனார். நான் அங்கேயே நின்றேன், காலில் செருப்போடு.