அத்தைக்கு வந்த வானொலிக் கடிதம்

எங்களோடு இருந்த அத்தை, அப்பாவின் தங்கை, சிக்குப்பேட்டையில் ஒரு வித்வானிடம் பத்து வருடம் முறையாகச் சங்கீதம் கற்றவள். கற்றதை வைத்துப் பிழைக்க அவள் பாடாத இடமில்லை. அல்சூர் கல்யாணங்களில் ஊஞ்சல் பாட்டு. ராமநவமிப் பந்தலில், பெரிய வித்வான் காபி குடித்துவிட்டு மேடையேறும் வரை அரைமணி நேரக் கச்சேரி. நாடகக் கம்பெனியில், பாடத் தெரியாத ராஜகுமாரிக்குத் திரைக்குப் பின்னால் நின்று இரவல் குரல். இதெல்லாம் எனக்குப் பெருமைதான். பல்பொடிக் கம்பெனியின் விளம்பர வேனில் அவள் பாடப் போன பிறகுதான் என் மானம் போயிற்று.

ஒலிபெருக்கி கட்டிய அந்த வேனுக்குள் உட்கார்ந்துகொண்டு, சுத்தமான கல்யாணி ராகத்தில், சொத்தைப் பல்லைப் பற்றித் தமிழிலும் கன்னடத்திலும் பாடுவாள். ஒருநாள் மதிய இடைவேளையில் காக்ஸ் டவுனில் என் பள்ளிக்கூட வாசலிலேயே வேன் நின்றது. இலவசப் பொட்டலத்துக்கு எல்லோரும் ஓடினார்கள். அத்தை என்னைப் பார்த்துவிட்டாள். மைக்கை அணைக்க மறந்து, "கண்ணு, சாப்ட்டியா?" என்றாள். தெருவுக்கே கேட்டது. அன்றிலிருந்து வகுப்பில் என் பெயர் பல்பொடி.

அந்த வாரமே வானொலியிலிருந்து கடிதம் வந்தது. குரல் தேர்வுக்குப் போய்வந்து மூன்று மாதமாக அத்தை அதற்காகத்தான் காத்திருந்தாள். வீட்டில் அப்போது நான் மட்டும் இருந்தேன். பிரித்துப் படித்தேன். என் கான்வென்ட் இங்கிலீஷ் அதற்குப் போதும். தேர்வாகிவிட்டாள், பதினைந்து நாளுக்குள் சம்மதக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். இரண்டு நாள் தவிக்கட்டும் என்று கடிதத்தைப் பூகோளப் புத்தகத்துக்குள் ஒளித்தேன். அது கைக்குப் போயிருந்தால் அவள் வேனில் ஏறவே தேவையிருக்காது என்பதுகூட என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பயம் பிடித்துக்கொண்டது. பிரித்த உறையை எப்படிக் கொடுப்பது? அப்பாவின் பெல்ட் கண் முன்னால் ஆடியது. இன்று, நாளை என்று தள்ளிப்போட்டேன். கெடுவும் முடிந்தது. கடைசியில், குளிக்கிற வெந்நீர் அண்டாவுக்கு அடியில் எரிந்த விறகோடு அதையும் செருகிவிட்டேன்.

"தபால் எதுனா வந்துச்சா, கண்ணு?"

"வர்ல அத்த."

எத்தனை நாள் இப்படிச் சொன்னேனோ, நினைத்தால் இப்போதும் கூசுகிறது. நேரில் போய் விசாரித்துவிட்டு வரச் சொன்னார் அப்பா.

"வேணும்னா எழுதியிருப்பாங்கண்ணா. போய் நின்னு கேக்க எனக்கு வெக்கமா இருக்குது," என்றாள் அத்தை.

ஒருநாள் விடிகாலையில் சாதகம் செய்துகொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தினாள். அந்தச் சத்தத்தில் தினமும் விழித்துக்கொள்கிற நான் பாயில் கிடந்தேன்.

"மேல போறப்ப என் தொண்ட கம்முதா, கண்ணு?"

"இல்ல அத்த, நல்லாத்தான் இருக்குது."

அந்த மாதம் முழுவதும் நான் அவளிடம் சொன்ன ஒரே நிஜம் அதுதான். அதை அவள் நம்பவில்லை. தம்புராவை உறையில் போட்டுக் கட்டி, அலமாரிக்கு மேலே ஏற்றிவிட்டாள். அதற்குப் பிறகு எந்தத் தேர்வுக்கும் அவள் போகவில்லை. பல்பொடிக்குப் பாடச் சாதகம் தேவையில்லை என்று சிரித்துக்கொண்டே சொல்வாள்.

கடிதம் வராததற்குத் தன் குரலே காரணம் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள் என்பது பத்து வயதில் எனக்குப் புரியவில்லை. இனிமேல் காலையில் இன்னும் கொஞ்ச நேரம் தூங்கலாம் என்று சந்தோஷப்பட்டேன்.