கடைத்தெருவில் கை கோத்து

1970. மாலை நாலரை மணி. விருத்தாசலம் ஜங்ஷனில் ரயில் மாறக் காத்திருக்கிறோம். லண்டனிலிருந்து வந்திருக்கும் என் மகன், தானும் கூட வந்த வெள்ளைக்காரரும் அங்கே கணவன் மனைவி போல வாழ்வதாகச் சொல்கிறான். அந்த நாட்டுச் சட்டம் இப்போது தண்டிப்பதில்லையாம். இங்கே பிடித்து உள்ளே போட்டுவிடுவார்களே! நான் ஸ்டேஷன் வாசல் டீக்கடை பெஞ்சில் உட்கார, இருவரும் பீங்கான் கடை பார்க்கக் கிளம்பிவிடுகிறார்கள்.

பால் வாங்கித் திரும்பிய டீக்கடைக்காரர் சிரிக்கிறார். "சார், ஒங்க பையன் வெள்ளைக்காரர் கையக் கோத்துக்கிட்டுக் கடைத்தெருவுல போறாருங்க."

நான் பெஞ்சிலிருந்து எழுந்துவிடுகிறேன். "யாராவது ஏதாச்சும் சொன்னாங்களா?"

"சொல்ல என்னா இருக்குது? நானும் எம் மச்சானும் அப்படித்தான் சந்தைக்குப் போவோம். வெள்ளைக்காரரும் நம்ம பழக்கத்துக்கு வந்துட்டாருங்க!"

பீங்கான் ஜாடியோடு இருவரும் வந்து சேர்கிறார்கள். மகன் மெல்லச் சொல்கிறான்: "லண்டன்ல ஒரு நாள்கூடத் தெருவுல இப்படி நடந்ததில்லப்பா."